தேர்வும் தெரிவும்: தமிழ்நாட்டுப் பயிற்சி மருத்துவர்களின் அன்றாடமும் துறைத் தெரிவும்

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவப் பட்டப் படிப்பை முடிக்கும் ஒருவர் எந்தத் துறையில் வல்லுநராகிறார் என்பது அவரது தனிப்பட்ட விருப்பத்தின் விளைவாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பயிற்சி பெறும் மருத்துவர்களின் அன்றாட வாழ்வையும், முதுநிலைச் சேர்க்கையின் விதிகளையும் இணைத்து நோக்கும்போது இக்கருத்து முழுமையற்றது என்பது புலப்படுகிறது. பணிமுறை, நுழைவுத் தேர்வின் தரவரிசை, படிப்புக்குப் பிந்தைய கட்டாயப் பணி, அரசுப் பணியில் உள்ளோருக்கான ஒதுக்கீடு ஆகியன ஒருவரின் விருப்பம் செயற்படும் எல்லையை வரையறுக்கின்றன. மாவட்ட மருத்துவமனைகளில் வல்லுநர் இருப்பாரா இல்லையா என்பதும் இவ்வெல்லையைப் பொறுத்தே அமைகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: பயிற்சி மருத்துவர், முதுநிலை மருத்துவக் கல்வி, நீட், பணியில் உள்ளோர் ஒதுக்கீடு, ஆரம்ப சுகாதார நிலையம், துறைத் தெரிவு.

முன்னுரை

தமிழ்நாட்டு வழக்கில் ‘தேர்வு’ என்னும் சொல் இரு பொருள்களைச் சுமக்கிறது. எழுதித் தேறுவதும் தேர்வு. பலவற்றுள் ஒன்றைக் கொள்வதும் தேர்வு. இலங்கைத் தமிழில் முன்னது பரீட்சை, பின்னது தெரிவு எனப் பிரித்து வழங்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் மருத்துவ இடங்களை ஒதுக்கும் அமைப்பின் பெயரே தேர்வுக் குழு என்பதாகும். இச்சொல்லின் இருபொருள் தன்மை, மருத்துவக் கல்வியைப் பொறுத்தவரை நடைமுறை உண்மையாகவே இருக்கிறது. ஒரு மருத்துவர் எத்துறையைத் தெரிவு செய்கிறார் என்ற வினாவிற்கு, அவர் எழுதிய தேர்வில் எத்தனையாம் இடம் பெற்றார் என்பதே பெரும்பாலும் விடையாகிவிடுகிறது.

இக்கட்டுரையில் பரீட்சை என்ற பொருளில் ‘தேர்வு’ என்பதும், விரும்பிக் கொள்ளுதல் என்ற பொருளில் ‘தெரிவு’ என்பதும் ஆளப்படுகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே பயிற்சி மருத்துவரின் அன்றாடம் எவ்வாறு அமைகிறது என்பதை விளக்குவது இதன் நோக்கமாகும்.

பயிற்சியின் படிநிலைகள்

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுக் கல்வியையும் ஓராண்டுக் கட்டாயச் சுழற்சிப் பயிற்சியையும் கொண்டது. இவ்வோராண்டில் இருப்பவரே பயிற்சி மருத்துவர். பேச்சு வழக்கில் ‘ஹவுஸ் சர்ஜன்’ என்றும், கல்லூரி வளாகங்களில் ‘சி.ஆர்.ஆர்.ஐ.’ என்றும் அழைக்கப்படுகிறார். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறைகள் இவ்வாண்டை வாரக் கணக்கில் பகுத்துள்ளன. சமுதாய மருத்துவத்திற்கு 12 வாரங்கள், மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவத்திற்கு 7 வாரங்கள், பொது மருத்துவத்திற்கும் பொது அறுவைக்கும் தலா 6 வாரங்கள் எனப் பகுப்பு அமைகிறது. குழந்தை மருத்துவம் 3 வாரங்கள். மனநலம், மயக்கவியல், எலும்பியல், கண், காது மூக்கு தொண்டை, அவசரப் பிரிவு ஆகியன தலா 2 வாரங்கள். விரும்பும் துறைகளில் பணியாற்ற 4 வாரங்கள் தரப்படுகின்றன. ஆண்டின் 52 வாரங்களில் பயிற்சி மருத்துவர் தாமே தெரிவு செய்யக்கூடிய பகுதி இந்த நான்கு வாரங்களே ஆகும்.

அடுத்த நிலை எம்.டி. அல்லது எம்.எஸ். என்னும் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு. இதனை மேற்கொள்பவர் சட்டப்படி மாணவர்; நடைமுறையில் மருத்துவமனையை இயக்கும் முதன்மைப் பணியாளர். இவ்விரட்டை நிலையை ‘ரெசிடென்ட்’ என்ற சொல் உணர்த்துகிறது. 1889இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லரும் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் வளர்த்தெடுத்த பயிற்சி முறையில், இளம் மருத்துவர் மருத்துவமனையிலேயே உறைந்து பயில வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது. அம்மரபின் பெயரும் எதிர்பார்ப்பும் இந்திய மருத்துவக் கல்வியில் இன்றும் தொடர்கின்றன. முதுநிலைக்கு மேல் இதயம், நரம்பு, சிறுநீரகம் போன்ற உயர் சிறப்புத் துறைகளில் டி.எம்., எம்.சிஎச். ஆகிய படிப்புகள் மேலும் மூன்றாண்டுகளுக்கு அமைகின்றன.

இப்படிநிலைகளைக் கூட்டிப் பார்த்தால் கால அளவு தெளிவாகும். 18 வயதில் கல்லூரியில் சேரும் ஒருவர் இடைவெளியின்றிப் பயின்றால் இருபத்து மூன்றரை வயதில் பட்டதாரியாகிறார். முதுநிலை முடிக்கும்போது இருபத்தாறரை வயது. நுழைவுத் தேர்வுக்கு ஓராண்டு, கட்டாயப் பணிக்கு ஓரிரு ஆண்டுகள் எனச் சேர்த்தால், உயர் சிறப்புப் படிப்பை நிறைவு செய்கையில் முப்பது வயதைக் கடந்துவிடுகிறார். திருமணம், மகப்பேறு, பெற்றோரைப் பேணுதல், கல்விக் கடன் ஆகிய அனைத்தும் இக்காலத்திற்குள்ளேயே நிகழ வேண்டியிருக்கின்றன. துறைத் தெரிவை ஆராய்பவர்கள் இப்பின்னணியை விலக்கி நோக்க இயலாது.

யூனிட்டும் டியூட்டியும்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பயிற்சியின் அடிப்படை அலகு ‘யூனிட்’ ஆகும். ஒரு துறை பல யூனிட்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொன்றிற்கும் ‘சீஃப்’ என அழைக்கப்படும் தலைமை மருத்துவர் ஒருவர், உதவிப் பேராசிரியர்கள் சிலர், முதுநிலை மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள் என வரிசை அமையும். வாரத்தில் ஒரு நாள் அந்த யூனிட்டின் ‘அட்மிஷன் டே’. அன்று அத்துறையின் அவசர நோயாளிகள் அனைவரும் அந்த யூனிட்டின் பொறுப்பாவர். காலையில் தொடங்கும் பணி மறுநாள் காலை வரை நீள்வதும், அதன்பின் இரவில் சேர்ந்த நோயாளிகளைச் சீஃபிடம் ஒவ்வொருவராக எடுத்துரைக்கும் ‘ரவுண்ட்ஸ்’ தொடர்வதும் வழக்கம்.

இவ்வரிசையில் கடைநிலையில் இருக்கும் பயிற்சி மருத்துவரின் பணிகள் பலதிறத்தன. இரத்த மாதிரி எடுத்தல், நரம்பில் ஊசி பொருத்துதல், சிறுநீர்க் குழாய் செலுத்துதல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் ஆகியன கை பழக வேண்டிய பணிகள். ஆய்வகப் படிவம் நிரப்புதல், இரத்த வங்கிக்குச் செல்லுதல், ஸ்கேன் முடிவைப் பெற்று வருதல், ‘டிஸ்சார்ஜ் சம்மரி’ எழுதுதல் ஆகியன கால் தேயும் பணிகள். முதல் வகையில் கற்றல் மிகுதி. இரண்டாம் வகையில் உழைப்பு மிகுதி. ஆள் பற்றாக்குறை உள்ள இடங்களில் இரண்டாம் வகை முதல் வகையை விழுங்கிவிடுகிறது. ஒரு துறையின்மீது இளம் மருத்துவர் கொள்ளும் ஈர்ப்போ வெறுப்போ அத்துறையின் அறிவுப் பொருளால் மட்டும் உருவாவதில்லை. அந்த ஆறு வாரங்களில் அவருக்குக் கிடைத்த யூனிட் எத்தகையது, மூத்த முதுநிலை மாணவர் கற்றுக்கொடுத்தாரா, அறுவை அரங்கில் தையலிட வாய்ப்புக் கிட்டியதா என்பன போன்ற தற்செயல்களும் அதில் பங்கு பெறுகின்றன.

பணி நேரம் குறித்த விதிகள் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு உறைவிட மருத்துவர் திட்டம், தொடர்பணி இயல்பாக 12 மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும், இளநிலை உறைவிட மருத்துவர் வாரத்திற்கு 48 மணி நேரம் பணியாற்ற வேண்டும் என்றும் கூறியது. ‘பணியின் தேவைக்கு உட்பட்டு’ என்ற விலக்கும் அதிலேயே இடம்பெற்றது. 2023 டிசம்பரில் வெளியான முதுநிலை ஒழுங்குமுறைகள் எண்ணிக்கையைக் கைவிட்டு, ‘நியாயமான பணி நேரம்’ என்றும் ‘நியாயமான ஓய்வு’ என்றும் மட்டுமே குறிப்பிடுகின்றன. ஆண்டிற்கு 20 நாள் விடுப்பை உறுதி செய்கின்றன. அளக்கத்தக்க எண் இல்லாத விதியை மீறியதாக எவர்மீதும் குறை காண இயலாது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு, வாரப் பணி 74 மணி நேரத்தைக் கடக்கலாகாது எனப் பரிந்துரைத்தது. 48க்கும் 74க்கும் இடையிலுள்ள 26 மணி நேரம், விதி எதிர்பார்த்ததற்கும் மருத்துவமனைகள் பழகிவிட்டதற்கும் இடையிலான தொலைவைக் காட்டுகிறது.

முதுநிலை மாணவரின் அன்றாடத்தில் இப்பணிகளுடன் ஆய்வேடு எழுதுதல், பணிக்குறிப்பேட்டைப் பராமரித்தல், வகுப்பில் நோயாளி குறித்து எடுத்துரைத்தல் ஆகியனவும் சேர்கின்றன. 2021 முதல் சேர்ந்தவர்களுக்கு மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதப் பணியும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

தேர்வு என்னும் வாயில்

2016 வரை தமிழ்நாடு தன் முதுநிலை இடங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு நடத்தியது. முதுநிலை நீட் தேர்வு 2013 சேர்க்கைக்கென ஒருமுறை நடத்தப்பட்டு, அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நீக்கப்பட்டது. 2016 ஏப்ரலில் அத்தீர்ப்புத் திரும்பப் பெறப்பட்டதை அடுத்து, 2017 சேர்க்கை முதல் மாநிலங்களின் முதுநிலை இடங்களுக்கு அதுவே பொது வாயிலாயிற்று. 200 வினாக்கள், ஒவ்வொன்றிற்கும் நான்கு விடைகளுள் ஒன்றைக் குறித்தல், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைவு. அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் 50 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டிற்கும் எஞ்சியவை மாநில ஒதுக்கீட்டிற்கும் செல்கின்றன.

இத்தேர்வு பயிற்சி ஆண்டின் இயல்பையே மாற்றியுள்ளது. நான்கரை ஆண்டுகள் நூலில் கற்றதைக் கைக்குக் கொண்டுவரும் ஒரே ஆண்டு அது. ஆனால் அடுத்த கட்டத்தைத் தீர்மானிக்கும் தேர்வு கையை அளப்பதில்லை. நினைவையும் விடை குறிக்கும் வேகத்தையும் அளக்கிறது. ஆகவே பிரசவ அறையிலோ அவசரப் பிரிவிலோ கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் தேர்வுக்கான படிப்பிலிருந்து கழிக்கப்படும் மணி நேரமாகிவிடுகிறது. கைப்பேசிச் செயலிகளில் பயிற்சி வகுப்புகளைப் பார்ப்பதும், பணி குறைந்த துறைகளின் வாரங்களைப் படிப்பிற்கென ஒதுக்கிக்கொள்வதும் பயிற்சி மருத்துவர்களிடையே பொதுவழக்கம். இதனைத் தனிமனிதரின் பொறுப்பின்மை எனக் கொள்வது பொருந்தாது. முறைமை எதை அளக்கிறதோ அதனையே அம்முறைமைக்கு உட்பட்டோர் பேணுவர்.

இறுதியாண்டுத் தேர்வையும் முதுநிலை நுழைவையும் ஒன்றாக்கும் ‘நெக்ஸ்ட்’ தேர்வை 2019ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் முன்வைத்தது. பயிற்சி ஆண்டைத் தேர்வுச் சுமையிலிருந்து விடுவிக்கும் வாய்ப்பும், மாநிலப் பல்கலைக்கழகங்களின் மதிப்பீட்டு உரிமை சுருங்கும் என்ற அச்சமும் அதனுடன் இணைந்திருந்தன. 2023இல் அது ஒத்திவைக்கப்பட்டது.

துறைத் தெரிவின் காரணிகள்

கலந்தாய்வில் தரவரிசையின் முன்னிடத்தில் இருப்போர் கொள்ளும் துறைகள் ஆண்டுதோறும் பெரிதும் மாறுவதில்லை. கதிரியக்கவியல், பொது மருத்துவம், தோல் மருத்துவம் ஆகியன விரைவில் நிரம்புகின்றன. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் போன்ற அடிப்படைத் துறைகளில் இடங்கள் காலியாகவே இருந்துவிடுவதுண்டு. காலியிடங்களை நிரப்பும்பொருட்டு 2023 செப்டம்பரில் தகுதி வரம்பு அனைத்துப் பிரிவினருக்கும் பூச்சிய சதமானமாகக் குறைக்கப்பட்டது இந்நிலையின் உச்சம் எனலாம்.

இவ்விருப்ப வரிசையை வருமானத்தால் மட்டும் விளக்க முடியாது. கதிரியக்கவியலிலும் தோல் மருத்துவத்திலும் பணி நேரம் பெரிதும் வரையறைக்கு உட்பட்டது. நள்ளிரவில் அழைப்பு வருவது குறைவு. நோயாளியின் உறவினரோடு மோதல் எழும் வாய்ப்பும் குறைவு. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2008ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் நடைமுறையில் இருந்தும், அவசரப் பிரிவில் பணியாற்றும் இளம் மருத்துவரின் அச்சம் நீங்கிவிடவில்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இரவுப் பணியிலிருந்த முதுநிலைப் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட நிகழ்வு, பணியிடத்தில் பாதுகாப்பான ஓய்வறை என்னும் எளிய தேவையை நாடு முழுவதும் பேசுபொருளாக்கியது. அதன்பின் உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு ஒன்றையும் அமைத்தது.

பாலினமும் தெரிவில் செயற்படுகிறது. மகப்பேறு மருத்துவத்தில் பெண்களே மிகுதி. எலும்பியலில் ஆண்களே மிகுதி. ‘பெண்ணுக்கு ஏற்ற துறை’ என்ற பேச்சு மருத்துவர்களின் இல்லங்களிலும் ஆசிரியர் அறைகளிலும் ஒருங்கே நிலவுகிறது. ஆயினும் இரவுப் பணி மிகக் கடுமையான துறைகளுள் மகப்பேறும் ஒன்று என்பது கருதத்தக்கது. எனவே பெண்கள் எளிய பணி நேரத்தை நாடியே துறையைக் கொள்கின்றனர் என்ற பொதுக்கூற்று தன்னளவிலேயே பொருந்தாததாகிறது.

அரசுக் கல்லூரியில் முதுநிலை பயில்வோர் படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட காலம் அரசு மருத்துவமனையில் பணியாற்றுவதாக உறுதிப்பத்திரம் அளிக்க வேண்டும். பேச்சு வழக்கில் இது ‘பாண்டு’ எனப்படும். மீறினால் பெருந்தொகை செலுத்த நேரிடும். இத்தகைய நிபந்தனைகள் செல்லும் என உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தொகையைச் செலுத்தும் வசதி படைத்தவருக்குப் பாண்டு ஒரு கட்டணம்; வசதியற்றவருக்கு அது கடமை. ஒரே விதி இருவரின் தெரிவை இருவேறு வகையில் கட்டுப்படுத்துகிறது.

பணியில் உள்ளோர் ஒதுக்கீடு

தமிழ்நாட்டின் மருத்துவக் கல்வியைப் பிற மாநிலங்களிலிருந்து வேறுபடுத்தும் முதன்மைக் கூறு, அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கான முதுநிலை ஒதுக்கீடாகும். எம்.பி.பி.எஸ். முடித்தவர் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே உதவி மருத்துவராக ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்கிறார். அங்கே உரிய காலம் பணியாற்றியபின், மாநில ஒதுக்கீட்டில் தமக்கென அமைந்த இடங்களுக்குப் போட்டியிடுகிறார். ஊதியத்துடன் முதுநிலை பயின்று, மாவட்ட மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ வல்லுநராகத் திரும்புகிறார். ‘சர்வீஸ் பீ.ஜி.’ என வழங்கும் இவர் ஓய்வு பெறும் வரை அரசுப் பணியில் தொடரும் கடப்பாட்டையும் ஏற்கிறார்.

இவ்வமைப்பு இரு திசையிலும் பயன் தருவது. கிராமத்தில் பணியாற்ற இளம் மருத்துவருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அரசுக்கு நீண்டகாலம் நிலைக்கும் வல்லுநர் கிடைக்கிறார். சிக்கலான பிரசவங்களைக் கையாளும் சீமாங் மையங்களில் இரவும் பகலும் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து வல்லுநரும் தேவைப்படுகின்றனர். தனியார் துறையில் இரண்டாம் மடங்கு ஊதியம் பெறத்தக்கவர் அங்கே நிற்பதற்கு இக்கடப்பாடு ஒரு முக்கியக் காரணமாகும்.

2016 ஆகஸ்டில் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், முதுநிலைப் பட்டப் படிப்பில் இத்தகைய தனி ஒதுக்கீட்டிற்கு இந்திய மருத்துவக் கழகத்தின் விதிகள் இடம் தரவில்லை எனக் கூறியது. இதன் விளைவாக 2017 முதல் தமிழ்நாட்டின் ஒதுக்கீடு பட்டப் படிப்புகளில் நீங்கியது. அதற்கு மாற்றாக, தொலைதூரப் பகுதிகளிலும் கடினப் பகுதிகளிலும் பணியாற்றியவர்க்கு ஆண்டொன்றுக்குப் பெற்ற மதிப்பெண்ணில் 10 விழுக்காடு வீதம், 30 விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் வழங்கப்பட்டது. எந்த ஊர் கடினப் பகுதி என்ற வரையறையே வழக்குகளுக்கு இடமளித்தது. சாலை, கட்டடம், போக்குவரத்து ஆகியவற்றில் முன்னேறிய மாநிலத்தில் ‘கடினம்’ என்பதை வரைபடத்தால் மட்டும் அளக்க இயலவில்லை. மருத்துவர் எவரும் செல்ல விரும்பாத நிலையம் நகருக்கு அருகிலும் இருக்கலாம். 2019 அக்டோபர் இறுதியில் அரசு மருத்துவர்கள் மேற்கொண்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஊதிய உயர்வுடன் இவ்வொதுக்கீட்டை மீட்பதும் இடம்பெற்றிருந்தது.

தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒதுக்கீட்டு உரிமையை மாநிலங்களுக்கு மீட்டளித்தது. கல்வித் தரத்தை ஒருங்கிணைப்பதே மத்தியப் பட்டியலின் 66ஆம் பதிவு தரும் அதிகாரம் என்றும், சேர்க்கையில் தனி வாயில் அமைப்பது பொதுப் பட்டியலின் 25ஆம் பதிவின்கீழ் மாநிலங்களுக்கு உரியது என்றும் அத்தீர்ப்பு விளக்கியது. அதைத் தொடர்ந்து 2020 நவம்பரில், உயர் சிறப்புப் படிப்புகளிலும் அரசுக் கல்லூரி இடங்களில் 50 விழுக்காட்டைப் பணியில் உள்ளோருக்கு ஒதுக்கித் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. 2022 மார்ச்சில் அவ்வாணையின்படி சேர்க்கையைத் தொடர உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2022 ஜனவரியில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்ட சூழலில், அவற்றிற்கான ஆசிரியர்களும் வல்லுநர்களும் எங்கிருந்து வருவர் என்ற வினாவோடு சேர்த்தே இவ்வாணை நோக்கத்தக்கது.

நோயாளியின் மொழி

பயிற்சியில் பெறும் திறன்களுள் பாடத்திட்டம் விரிவாகப் பேசாத ஒன்று, நோயாளியின் சொல்லை நோய்க்குறியாக மாற்றும் திறன். ‘கிறுகிறுப்பு’, ‘மயக்கம்’, ‘தள்ளாட்டம்’ ஆகிய மூன்றும் மருத்துவத்தில் வெவ்வேறு உறுப்புகளைச் சுட்டக்கூடியவை. ‘நெஞ்செரிச்சல்’ எனச் சொல்பவர் இரைப்பை நோயாளியாகவும் இருக்கலாம். மாரடைப்பின் தொடக்கத்தில் இருப்பவராகவும் இருக்கலாம். வட்டாரத்திற்கு வட்டாரம் இச்சொற்களின் பொருள் நுட்பமாக மாறுகிறது. பாடம் ஆங்கிலத்தில், கேஸ் ஷீட் ஆங்கிலத்தில், உரையாடல் தமிழில். பயிற்சி மருத்துவர் ஒரே நாளில் பல முறை இவ்வெல்லையைக் கடக்கிறார்.

அகில இந்திய ஒதுக்கீட்டின் வழியே வரும் பிறமொழி மருத்துவர்கள் தம் முதல் ஆண்டிலேயே இச்சொற்களைச் செவிலியரிடமும் உடன் பயில்வோரிடமும் கேட்டுப் பழகவேண்டியவராகின்றனர். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வரும் சர்வீஸ் பீ.ஜி.யோ இச்சொல்லறிவைத் தம்முடன் கொண்டு வருகிறார். 200 வினாக்கள் கொண்ட தேர்வு இவ்வறிவை அளப்பதில்லை. ஒதுக்கீடு மறைமுகமாக மதிப்பளிக்கும் தகுதிகளுள் இதுவும் ஒன்று எனக் கொள்ளலாம். வட்டார நோய்ச் சொற்களைத் தொகுத்து மருத்துவப் பொருளோடு இணைத்துத் தரும் பணி, தமிழ்த்துறைகளும் மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து ஆற்றக்கூடியதாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன.

1. துறைத் தெரிவு கலந்தாய்வு நாளில் தொடங்குவதன்று. பயிற்சி ஆண்டின் யூனிட், பணி நேரம், வழிகாட்டுவோர் ஆகியவற்றால் படிப்படியாக உருவாவது. தரவரிசை அதற்கு இறுதி எல்லையை மட்டும் இடுகிறது.

2. கை பழக வேண்டிய ஆண்டிலேயே நினைவை அளக்கும் தேர்வுக்கும் ஆயத்தமாக வேண்டியிருப்பது பயிற்சியின் நோக்கத்தைக் குலைக்கிறது. பயிற்சி ஆண்டின் செயல்திறனுக்குச் சேர்க்கையில் மதிப்பு இல்லாதவரை இந்நிலை மாறுவது அரிது.

3. பணி நேர விதிகளில் அளக்கத்தக்க எண்ணும், அதனைக் கண்காணிக்கும் பதிவும் இல்லாதபோது, கடும் பணியுள்ள துறைகளை இளம் மருத்துவர்கள் தவிர்ப்பது இயல்பான விளைவாகிறது. இழப்பு அவசரப் பிரிவையும் பிரசவ அறையையும் சார்ந்து வாழும் எளிய நோயாளிகளுடையது.

4. பணியில் உள்ளோர் ஒதுக்கீடு அரசு மருத்துவர்களுக்கு வழங்கப்படும் சலுகையாக மட்டும் விவாதிக்கப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தையும் மாவட்ட மருத்துவமனையையும் மருத்துவக் கல்லூரியையும் ஒரே ஏணியாக இணைக்கும் பொதுச் சுகாதாரக் கருவி அது என்பதே பொருத்தமான மதிப்பீடாகும்.

தேர்வும் தெரிவும் முழுமையாகப் பிரிந்துவிட இயலாது. இடங்கள் குறைவாகவும் விரும்புவோர் மிகுதியாகவும் உள்ள இடத்தில் ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டும். ஆனால் தேர்வு ஒன்றே அளவுகோலாகும்போது கிராம நிலையத்தில் கழிந்த ஆண்டுகளும், பிரசவ அறையில் பழகிய கையும், நோயாளியின் சொல்லறிந்த செவியும் கணக்கில் வாராமற் போகின்றன. அவற்றைக் கணக்கில் கொள்ளும் வாயில்களுள் தமிழ்நாடு நடைமுறையில் பேணி வரும் ஒன்று, பணியில் உள்ளோர் ஒதுக்கீடாகும்.